அட்டையில் ‘அதிகம்’, வயலில் பற்றாக்குறையா?

கேள்வி: எங்கள் மண்வள அட்டைகள் எல்லாவற்றிலும் சாம்பல் சத்து (பொட்டாசியம்) எக்டருக்கு 300 கிலோவை ஒட்டியே வருகிறது, ‘அதிகம்’ என்று குறித்திருக்கிறார்கள். அதை நம்பிப் பொட்டாஷ் போடுவதை நிறுத்திவிட்டோம். வைக்கோலையும் கட்டுக் கட்டி விற்றுவிடுகிறோம். இப்போது நெல்லில் அடி இலைகளின் நுனியும் ஓரமும் பழுத்துக் காய்கின்றன. இது எப்படி ஐயா?
— வாசகி, திருவையாறு வட்டாரம்

பதில்: அந்த 300 பொய்யில்லை, அம்மா. ஆனால் அது மண்ணின் முழுக் கணக்கும் இல்லை. 280-ஐத் தாண்டினாலே அட்டையில் ‘அதிகம்’ என்று விழுந்துவிடும். மண்ணை அம்மோனியம் அசிடேட் கரைசலில் குலுக்கி, அதில் இறங்குவதை மட்டும் அளக்கிறார்கள். களிமண் துகள்களின் மேல் ஒட்டியிருக்கும் இந்தச் சத்து, மொத்தப் பொட்டாசியத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான்.

மீதி கனிமங்களுக்குள் இருக்கிறது. ஆற்று மணலில் மினுங்கும் காக்காப்பொன்னைப் பார்த்திருப்பீர்களே, அதன் ஏடுகளுக்கு நடுவே பொட்டாசியம் சிக்கிக் கிடக்கிறது. வேர் மேலே உள்ளதை உறிஞ்ச உறிஞ்ச, ஏடுகளின் ஓரத்திலிருந்து அது மெல்ல வெளியேறி இடத்தை நிரப்புகிறது. உங்கள் எண் அசையாமல் நிற்பது இதனால்தான். பானை நிறைந்திருப்பதைப் பார்த்துக் குதிரின் இருப்பைச் சொல்ல முடியாது. பயிர் வேகமாக வளரும் நாட்களில், இந்தக் கசிவு அதன் பசிக்கு ஈடுகொடுக்காது.

இருப்பை அளக்கவும் வழி உண்டு. இரண்டரை கிராம் மண்ணை 25 மில்லி நைட்ரிக் அமிலத்தில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டி அளப்பார்கள். கொதி வந்த பிறகுதான் நேரம் கணக்கு. கூடுதலாகக் கொதித்தால் எண்ணும் கூடிவிடும். அதில் அட்டை எண்ணைக் கழித்தால் மிஞ்சுவதே இருப்பு. செம்மண்ணில் பெரும்பாலும் இது சொற்பம். வண்டல் மண்ணில் கூடுதல். ஆனாலும் அள்ளிக்கொண்டே இருந்தால் எதுவும் குறையும்.

நீங்கள் அள்ளுவது வைக்கோலில். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பங்கு வைக்கோலில்தான் நிற்கிறது. ஒரு டன்னில் ஏறத்தாழ 15 கிலோ. ஏக்கருக்கு இரண்டு டன் விற்றால், ஒரு மூட்டைக்கும் கூடுதலான பொட்டாஷ் உரம் வண்டியேறுகிறது! எனக்கு மனம் பதைப்பது இதற்குத்தான்.

இலைக் கருகல் நோயும் நுனியிலிருந்தே காயும். மேல் இலைகளிலும் இருந்தால் வேளாண் அலுவலரிடம் காட்டுங்கள். அடி இலைகளில் மட்டும் என்றால் பொட்டாஷை மீண்டும் தொடங்குங்கள், பாதி வைக்கோலையாவது வயலிலேயே மடக்கி உழுங்கள். அறுவடை முடிந்ததும், உரமிடும் முன் மண் எடுத்து, வேளாண் பல்கலைக்கழக மண்ணியல் துறையில் நைட்ரிக் அமிலச் சோதனை செய்து தருவார்களா என்று கேளுங்கள். இரண்டு எண்களும் கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.