மாட்டுக் கழுத்துப்பட்டை: கேள்வி பதில்

கறவை மாடுகளுக்கு அணிவித்தால், உடலில் ஏதேனும் மாறும்போது கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் உணரிகளை (சென்சார்)ப் பற்றி மதுரைப் பக்கத்து நண்பர்கள் கேட்டவற்றுக்கு, என் தொழுவத்தில் பட்டை கட்டிப் பார்த்த அனுபவத்தைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

மேலூர் நண்பர்: காதில் ஏற்கெனவே மஞ்சள் வில்லை மாட்டியிருக்கிறார்களே, அதுவே நோயைக் காட்டாதா?

காட்டாது. அது 12 இலக்க அடையாள எண் மட்டுமே. தடுப்பூசிப் பதிவுக்கும் காப்பீட்டுக்கும் உதவும். அதனுள் மின்கலமும் இல்லை, உணரியும் இல்லை.

உசிலம்பட்டி அன்பர்: கழுத்துப்பட்டை காய்ச்சலைக் கண்டுபிடிக்குமா?

பெரும்பாலான பட்டைகள் வெப்பத்தை அளப்பதே இல்லை. அவற்றிலுள்ள அசைவு உணரி, மாடு தின்பதையும் அசைபோடுவதையும் கழுத்து அசைவைக் கொண்டு பிரித்தறிந்து, அதே மாட்டின் முந்தைய நாள்களோடு ஒப்பிடுகிறது. நலமான பசு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். எங்கள் செவலைப் பசுவுக்கு ஒரு நாள் அது பாதியாகக் குறைந்ததாகக் கைப்பேசி காட்டியது. தீவனத் தொட்டியில் ஒன்றும் மிச்சமில்லாததால் முதலில் நான் நம்பவில்லை. காம்புக்கு இரண்டு பீய்ச்சு கறுப்புக் கிண்ணத்தில் விட்டுப் பார்த்தபோது, பின்காம்பு ஒன்றின் பால் மட்டும் திரிதிரியாக விழுந்தது. மடிநோயின் தொடக்கம் அது. மடியைப் பற்றிப் பட்டைக்கு ஒன்றும் தெரியாது. ஏதோ மாறியிருக்கிறது என்பதோடு அதன் வேலை முடிந்தது. காய்ச்சலை அறிய ஆசனவாயில் வெப்பமானி வைப்பதே நேரான வழி, சுமார் 101.5 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பு. வயிற்றுக்குள் செலுத்தும் உணரிக்குண்டு வெப்பத்தை அளக்கும் என்றாலும், மாடு தண்ணீர் குடித்தவுடன் அளவு சட்டென்று இறங்கிவிடும்.

திருமங்கலம் சகோதரி: சினைப்பருவம் இரவில் தப்பிவிடுகிறது. பட்டை உதவுமா?

என் கணக்கில் பட்டைக்கான செலவை ஈடுகட்டுவது இதுதான். ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும் பருவம் 12 முதல் 18 மணி நேரமே நீடிப்பதால், நள்ளிரவில் தொடங்கினால் நம் கண்ணில் படாமலே போகலாம். பட்டையோ இரவிலும் அசைவைக் கவனித்துக்கொண்டிருக்கும். காலையில் அறிகுறி தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் சினை ஊசி போடுவது வழக்கம். ஆனால் நாள் முழுதும் கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்குக் காலில் கட்டும் அடியெண்ணி அவ்வளவாகப் பயன்படாது. நடக்க இடமிருந்தால்தானே எண்ணுவதற்கு!

வாடிப்பட்டி நண்பர்: சித்திரை வெயிலில் ஓயாமல் எச்சரிக்கை வருகிறதே?

வெயிலில் அசைபோடுவது குறையவே செய்யும். எல்லா மாடுகளுக்கும் ஒன்றாகக் குறைந்தால் வெக்கையையோ தீவன மாற்றத்தையோ பாருங்கள். ஒன்றுக்கு மட்டும் குறைந்தால் உடனே அந்த மாட்டிடம் போங்கள். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் இப்படி வரலாம். அன்பு மிகுதியால் சோற்றையும் பொங்கலையும் அள்ளி ஊட்டிவிடுகிறோம். வயிற்றில் அமிலம் கூடி மாடு அசைபோடுவதை நிறுத்திவிடும். அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிடாமல் மருத்துவரை அழையுங்கள்.

அலங்காநல்லூர் அன்பர்: இரண்டு மாடுதான் வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம். காலையும் மாலையும் நீங்களே கறக்கிறீர்கள் என்றால் பட்டைக்கு முன்பே உங்கள் கைக்குத் தெரிந்துவிடும். ஒரு வெப்பமானியும் ஒரு கறுப்புக் கிண்ணமும் இப்போதைக்குப் போதும்.