சிட்டி கோல்ஃப் 1.8: புது கேம், பழைய ஸ்பிரிங், 6000-இல் திணறல்

உங்கள் சிட்டி கோல்ஃப் 1.8 காரில் புது கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டு, பழைய வால்வ் ஸ்பிரிங்கையே விட்டிருக்கிறீர்கள்; எஞ்சின் 6000 ஆர்.பி.எம்.-இல் திணறுகிறது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டீர்கள். போதாது. கேம், ஸ்பிரிங், ரிடெய்னர் (ஸ்பிரிங்கை வால்வோடு பிடித்துவைக்கும் தட்டு), லிஃப்டர் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவில் இருக்கும் கிண்ணம்) நான்கும் ஒரே செட். கேம் செய்தவர் சொல்லும் ஸ்பிரிங்கையே வாங்குங்கள். அப்புறம், எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்யும் ஹைட்ராலிக் லிஃப்டருக்கு அரைத்த கேமா, ஷிம் (மெல்லிய தகடு) வைக்கும் சாலிட் லிஃப்டருக்கு அரைத்ததா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். இரண்டையும் கலக்கவே கூடாது.

உங்கள் வண்டியின் திணறல் பெரும்பாலும் வால்வ் ஃப்ளோட். பழைய ஸ்பிரிங்கால் வால்வை கேமோடு ஒட்டிவைக்க முடியவில்லை. ஹைட்ராலிக் லிஃப்டராக இருந்தால், அந்த இடைவெளியை அது எண்ணெயால் நிரப்பிக்கொள்கிறது, வால்வ் முழுதாக மூடுவதில்லை. திணறியதும் ஆக்சிலரேட்டரை விட்டுப் பாருங்கள்: ஐடிலில் சில வினாடி நடுங்கி, பிறகு தானாகச் சீரானால் அதுதான்.

புது ஸ்பிரிங் வந்ததும்:

1. ஸ்பிரிங்கைப் பொருத்தும் உயரத்திலிருந்து கேம் லிஃப்டை (கேம் வால்வைத் திறக்கும் அளவை) கழியுங்கள். உதாரணமாக 34 மி.மீ.-இல் 11.5 போனால் 22.5; வால்வ் முழுதாகத் திறக்கும்போது ஸ்பிரிங்கின் உயரம் அதுதான், அதற்குக் கீழே 1.5 மி.மீ. மிச்சம் வேண்டும். வைஸில் வைத்து நெருக்கும்போது சுருள்கள் 21-க்கு முன்பே முட்டினால் அந்த ஸ்பிரிங் வேண்டாம்.

2. முழு லிஃப்டில் ரிடெய்னருக்கும் வால்வ் சீலுக்கும் நடுவே 1.5 மி.மீ. இருக்கட்டும்.

3. வால்வ் பிஸ்டனில் இடிக்காதா என்று பார்க்க, பிஸ்டன் மேல் களிமண் வைத்து, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றி, பதிந்த இடத்தை வெட்டி, மிஞ்சிய களிமண்ணின் தடிமனை அளந்து பாருங்கள். இன்டேக் (காற்று உள்ளே வரும்) வால்வில் 2, எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில் 2.5 மி.மீ.-க்குக் குறையக் கூடாது.

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க் ஏறும்போது பவர் குறைகிறது என்றீர்களே, அது வேறு. ஜோகன்னஸ்பர்க் இருக்கிற 1700 மீட்டருக்கு மேலான உயரத்தில் காற்று மெலிது, டர்போ இல்லாத எந்த எஞ்சினும் இளைக்கும்.

தேவைக்கு மேல் கடினமான ஸ்பிரிங் போடாதீர்கள், கேம் முனை தேய்ந்துவிடும். தினமும் ஓட்டுகிற வண்டி இது. ஸ்பார்க் பிளக்கும் பெட்ரோல் அழுத்தமும் சரியா என்று பார்த்த பிறகே ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை) கழற்றுங்கள்.