வலையும் வாசிப்பும்: கேள்வி – பதில்

கே: பிறகு படிக்கலாம் என்று பாக்கெட் என்ற இணையச் சேவையில் சேர்த்த கட்டுரைகள் ஆயிரத்துக்கும் மேல். 2025 ஜூலை 8-ஆம் தேதி அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள். முன்பே இறக்கி வைத்த சிஎஸ்வி கோப்பு மட்டும் கையில் இருக்கிறது. இனி எதற்கு மாறலாம்?

ப: மாறுவது இருக்கட்டும், முதலில் அந்தக் கோப்பை எக்ஸெல்லில் திறந்து பாருங்கள். தலைப்பு, முகவரி, சேர்த்த நேரம், குறிச்சொல், படித்ததா இல்லையா என்ற குறிப்பு. அவ்வளவுதான் இருக்கும், கட்டுரை இருக்காது. சேர்த்த நேரம் பத்து இலக்க எண்ணாகத் தெரியும். 1970 ஜனவரி 1-லிருந்து ஓடிய விநாடிகளின் கணக்கு அது. அதை 86400-ஆல் வகுத்து 25569-ஐக் கூட்டி, அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றினால் எக்ஸெல் தேதியாகக் காட்டும். புதியது மேலே வருமாறு அடுக்கி, கடைசி ஆறு மாதத்தில் சேர்த்ததை மட்டும் புதிய இடத்துக்கு எடுத்துப் போங்கள். மற்றவை அந்தக் கோப்பிலேயே கிடக்கட்டும், தேடினால் கிடைக்கும். இரண்டு வருடமாகத் திறக்காத கட்டுரையை இனிமேல் திறப்பீர்கள் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

பழைய முகவரிகளில் பல செத்துப்போயிருக்கும். 2013-இல் இருந்த பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் காணாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கணக்குச் சொன்னது. அவசியம் வேண்டிய பக்கம் திறக்காவிட்டால், அதன் முகவரியை, பழைய பக்கங்களின் நகல்களைச் சேர்த்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் போட்டுப் பாருங்கள்.

புதிய இடம் என்றால் வாலாபேக் நல்ல தேர்வு. திறமூலம், சொந்த சர்வரிலும் ஓட்டலாம். ஆனால் இந்த வகைச் சேவைகள் எல்லாவற்றிலும் ஒரு சிக்கல் உண்டு. பக்கத்தைப் போய் எடுப்பது பெரும்பாலும் அவர்களுடைய சர்வர், உங்கள் உலாவி அல்ல. நீங்கள் லாகின் செய்து படித்த கட்டுரையைச் சேமித்தால், உள்ளே லாகின் பக்கம்தான் உட்கார்ந்திருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் வந்து நிரப்புகிற பக்கங்கள் வெறுமையாகச் சேமிக்கப்படுவதும் இதனால்தான். அப்படிப்பட்டவற்றுக்கு சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷன் உதவும். உலாவியில் கண்ணெதிரே தெரிகிற பக்கத்தைப் படங்களோடு ஒரே எச்டிஎம்எல் கோப்பாக்கித் தரும். சேமிக்கும் முன் பக்கத்தின் அடிவரை ஒருமுறை உருட்டிவிடுங்கள். உருட்டினால்தான் இறங்கும் படங்கள் விடுபடாது. கோப்பின் பெயரோடு, ஏன் சேமித்தீர்கள் என்பதையும் நாலு வார்த்தையில் எழுதிவிடுங்கள். அந்த நாலு வார்த்தை எழுத வரவில்லையென்றால் சேமிக்கவே வேண்டாம்.

கே: ஆர்எஸ்எஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா?

ப: இருக்கிறது. ஒரு தளத்தில் புதிதாக வருவதை ரீடர் செயலிக்குத் தரும் ஓடைதான் ஆர்எஸ்எஸ். 2013 ஜூலை 1-ஆம் தேதி மூடப்பட்டது அப்படியொரு செயலியான கூகுள் ரீடர், ஆர்எஸ்எஸ் அல்ல. வேர்ட்பிரஸ்ஸில் ஓடும் தளமென்றால் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடும் ஆங்கிலத்தில் ஃபீட் என்ற சொல்லும் சேர்த்தாலே அந்த ஓடை பெரும்பாலும் கிடைத்துவிடும். மற்றத் தளங்களில் பக்கத்தின் மூலநிரலைத் திறந்து ஆர்எஸ்எஸ் அல்லது ஆட்டம் என்று தேடுங்கள். நாளுக்கு முப்பது செய்தி போடுகிற தளத்தைச் சேர்க்காதீர்கள். மாதம் ஒன்று எழுதுகிறவர்களைச் சேருங்கள். நாம் மறந்துபோகிறவர்களை நினைவில் வைக்கத்தான் இந்த ஏற்பாடு. பட்டியலை ஓபிஎம்எல் கோப்பாக அவ்வப்போது இறக்கி வையுங்கள். எந்த ரீடருக்கு மாறினாலும் அது செல்லும்.

கே: படித்ததையெல்லாம் தமிழிலேயே குறிப்பெடுத்து, சாதாரண உரைக்கோப்புகளாக வைத்திருக்கிறேன். 'கொள்கை' என்று தேடினால் சில கோப்புகள் மட்டும் வருகின்றன. அதே சொல் கண்ணுக்குத் தெரிகிற மற்றக் கோப்புகள் வருவதில்லை. ஏன்?

ப: 'கொ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு விதம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என மூன்றாக எழுதுவது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுதி முடித்தபின் கண்ணால் பிரித்தறிய வழியில்லை. ஆனால் கிரெப் போன்ற தேடல் கருவிகள் பைட்டுக்குப் பைட்டு ஒப்பிடுபவை. அவற்றுக்கு இவை வேறு வேறு சொற்கள். கோ, கௌ ஆகியவற்றுக்கும் இதே கதைதான். விசைப்பலகைச் செயலி, எழுத்துரு மாற்றி, பிடிஎஃப்பிலிருந்து நகலெடுத்த உரை என்று எங்கிருந்தாவது இந்த இரண்டாவது வடிவம் உள்ளே வந்திருக்கும்.

சோதிப்பது எளிது. சந்தேகமான கோப்பிலிருந்து 'கொ' என்ற ஒரே எழுத்தை நகலெடுத்து, உலாவியின் கன்சோலில் மேற்கோள் குறிக்குள் ஒட்டி, அதன் லெங்த் என்ன என்று கேளுங்கள். 2 என்றால் சேர்ந்த வடிவம். 3 என்றால் பிரிந்த வடிவம்.

எல்லாக் கோப்புகளையும் என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவத்துக்கு ஒருமுறை மாற்றிவிட்டால் தீர்ந்தது. பைத்தானில் யூனிகோடுடேட்டா நூலகத்தின் நார்மலைஸ், ஜாவாஸ்கிரிப்டில் சரத்தின் நார்மலைஸ் செயற்கூறு, இரண்டும் இதைச் செய்யும். முதலில் கோப்புறையை நகலெடுத்துக்கொண்டு, நகலில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதும் வலைத்தளத்தில் தேடல் பெட்டி இருந்தால் இரண்டு இடத்தில் இதைச் செய்ய வேண்டும்: தரவுத்தளத்தில் சேர்க்கும்போது ஒருமுறை, பயனர் தட்டிய தேடுசொல்லின் மேல் ஒருமுறை. ஒன்றில் செய்து மற்றதில் விட்டால் நிலைமை முன்னைவிட மோசமாகும். தற்செயலாகக் கிடைத்துக்கொண்டிருந்ததும் கிடைக்காது.

என்எஃப்சி தீர்க்காத ஒன்றும் இருக்கிறது. 'கௌரவம்' என்பதைப் பலர் ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ளகரத்தைத் தட்டி 'கெளரவம்' என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே இருப்பது உண்மையான ளகரம். கணினி அதை ஔகாரக் குறியாக எடுத்துக்கொள்ளாது. கண்ணை மூடிக்கொண்டு மொத்தமாக மாற்றவும் கூடாது. தெளிவு, கெளுத்தி எல்லாம் நாசமாகும். ஒற்றைக்கொம்புக்குப் பின் வரும் ளகரத்தில் வேறு உயிர்க்குறியோ புள்ளியோ இல்லாத இடங்களை மட்டும் தேடும்படி ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதி, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள்.

கே: பழைய தமிழ் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்தால் ஆங்கில எழுத்தும் குறியுமாக ஒட்டுகிறதே?

ப: பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அச்சுக்கோத்த கோப்பு. அதில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியிருப்பார்கள். எழுத்துரு போனால் ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பிடிஎஃப்பின் பண்புகளில் எழுத்துருவின் பெயர் இருக்கும். அதற்குரிய யூனிகோடு மாற்றியில் உரையைப் போட்டு எடுங்கள், பிறகு முந்தைய பதிலில் சொன்ன சோதனையையும் செய்யுங்கள். மாற்றி சரிவராவிட்டால், பக்கத்தின் படத்திலிருந்து எழுத்தைப் படிக்கும் டெசராக்டின் தமிழ்த் தரவை நிறுவி, ஓசிஆர்மைபிடிஎஃப் கருவியில் ஓட்டலாம். ஏற்கெனவே உரை இருக்கும் கோப்பு என்று அது மறுத்து நின்றுவிடும். எல்லாப் பக்கத்தையும் புதிதாகப் படிக்கும்படி வற்புறுத்தும் தேர்வைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கே: பதிப்பு மாற்றக் குறிப்புகளை யாராவது உண்மையிலேயே படிக்கிறார்களா? ஒருநாள் வேலை செய்த திட்டம் மறுநாள் நிறுவினால் உடைகிறது.

ப: படிக்காதவர்கள்தான் இந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்! என்பிஎம் (நோட் திட்டங்களுக்கு நூலகங்களை நிறுவும் கருவி) படிக்கும் பேக்கேஜ் கோப்பில் பதிப்பெண்ணுக்கு முன்னால் நிற்கும் ^ குறியைப் பாருங்கள். ^1.4.2 என்றால் 2.0.0-க்குக் கீழே எது வந்தாலும் சம்மதம் என்று பொருள். ^0.4.2 என்றால் 0.5.0-க்குக் கீழே மட்டும். முதல் எண் பூச்சியமாக இருக்கும்வரை ஆசிரியர் எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்பது ஒப்பந்தம். எனவே நிறுவிய பதிப்பெண்களை அப்படியே பதிந்து வைக்கும் லாக் கோப்பை, நிரலோடு கிட் களஞ்சியத்தில் சேர்த்து வையுங்கள். சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் வேண்டாம். என்பிஎம் சிஐ போடுங்கள். அது நோட் மாட்யூல்ஸை அழித்துவிட்டு லாக் கோப்பில் உள்ளதை அப்படியே நிறுவும். பேக்கேஜ் கோப்பும் லாக் கோப்பும் ஒத்துப்போகவில்லையென்றால் பிழை காட்டி நிற்கும்.

குறிப்பைப் படிக்கும்போது, நீங்கள் இருக்கும் பதிப்பிலிருந்து போகவேண்டிய பதிப்புவரை இடையில் உள்ள ஒவ்வொன்றையும் பாருங்கள். பலர் கடைசிப் பதிப்பை மட்டும் படித்துவிட்டு மாட்டிக்கொள்கிறார்கள். குறைந்தபட்சம் எந்த நோட் பதிப்பு வேண்டும் என்ற வரி அநேகமாக நடுவில் எங்கோதான் இருக்கும்.

கே: டெர்மினலில் நேற்றுத் தட்டிய கட்டளை இன்று வரலாற்றில் இல்லை.

ப: நீங்கள் பயன்படுத்தும் கட்டளை ஓடு (ஷெல்) பாஷ் என்றால், ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டெர்மினல் திறந்திருப்பீர்கள். பழையதை அழிக்காமல் கடைசியில் சேர்க்கச் சொல்லும் ஹிஸ்ட்அப்பெண்ட் அமைப்பு இயங்காவிட்டால், கடைசியாக மூடும் டெர்மினல் தன் பட்டியலை வரலாற்றுக் கோப்பின் மேல் எழுதிவிடும். அதை இயக்குங்கள். இயல்பளவு 500 வரிதான், அதையும் கூட்டுங்கள்.

கே: நிரலாக்கப் புத்தகங்களை 6 அங்குல மின்மைக் கருவியில் படிக்கலாமா?

ப: ஏ4 பிடிஎஃப் என்றால் வேண்டாம். 210 மில்லிமீட்டர் அகலப் பக்கம் 90 மில்லிமீட்டர் சொச்சத்தில் சுருங்கும். 10 புள்ளி எழுத்து 4 புள்ளி அளவுக்கு வந்துவிடும். ஓரத்தை வெட்டி, கருவியைப் படுக்கவைத்தால் 7 புள்ளி வரை கிடைக்கும். இபப் வடிவில் உரை பிரச்சினையில்லை, ஆனால் 80 எழுத்து நீள நிரல் வரிகள் மடிந்து விழும். பைத்தான் போல உள்தள்ளலே பொருளாக இருக்கும் மொழியில் இது ஆளைக் குழப்பிவிடும். நிரல் அதிகமுள்ள புத்தகத்தை 10 அங்குலத்தில் படியுங்கள். விளக்கம் அதிகமுள்ளவற்றுக்கு 6 தாராளம்.