சாமைக் கொல்லைக்குப் பட்டா இல்லை, வனத்துறை வெளியேறச் சொல்கிறது

ஜவ்வாது மலையில் தாத்தா காலத்துக் கொல்லை, பழைய ரசீது எதுவும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். வெளியேறச் சம்மதம் என்று எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். 2006 வன உரிமைச் சட்டம் பிரிவு 4(5)-இன்படி, நிலத்தின் மீதான உங்கள் உரிமையைச் சரிபார்க்கும் விசாரணை முடியும்வரை வெளியேற்ற முடியாது.

பழங்குடியினர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே உழுதுவந்தால் போதும். கிராம சபையின் வன உரிமைக் குழுவிடம் கொல்லைக்கு உரிமை கேட்டு மனு கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். ரசீதுதான் வேண்டும் என்பதில்லை. பெரியவர்கள் எழுதித்தரும் வாக்குமூலம், வெட்டிய கிணறு, கல் வரப்பு, முன்னோரைப் புதைத்த இடம் எல்லாமே சான்றுதான். இவற்றில் குறைந்தது இரண்டு சான்றாவது காட்டுங்கள். கிராம சபை மறுத்தால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவுக்கு மேல்முறையீடு செய்யலாம்.

அப்புறம், கடுக்காய் பொறுக்கும் காட்டுக்கு ஊரே சேர்ந்து தனி மனு போடுங்கள். அதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், மனசு வலிக்கிறது.