கண்ணை மறைத்தால் முகம் மறையுமா?

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு மாதம் ஆகிறது. பிறவியிலேயே உதட்டிலும் அண்ணத்திலும் பிளவு. உதட்டுக்கு ஐந்தாம் மாதத்தில் அறுவை சிகிச்சை முடிந்தது; அண்ணத்துக்கு அடுத்த மாதம் நாள் குறித்திருக்கிறார்கள். இந்நிலையில் பிளவு பற்றிய ஓர் ஆய்வுக்காக எங்கள் மூவரின் உமிழ்நீரையும் குழந்தையின் புகைப்படங்களையும் கேட்கிறார்கள். மறுத்தால் சிகிச்சையில் குறை வைப்பார்களோ? கிரகணத்தின்போது நான் வெளியே வந்ததே காரணம் என்று சொல்லும் மாமியார், படத்தை ஊரெல்லாம் காட்டிவிடுவார்கள் என்கிறார்.
– வாசகி, விருதுநகர் மாவட்டம்

பதில்: முதலில் உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, ஆய்வில் சேர மறுப்பவருக்கோ, சேர்ந்தபின் இடையில் விலகுபவருக்கோ வழக்கமான சிகிச்சையில் எந்தக் குறையும் வைக்கக் கூடாது. விலகுவதற்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. ஒப்புதல் படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

கிரகணத்தைப் பற்றி ஒரு சொல். உதடு உருவாவது கருவின் நான்காவது வாரத்துக்கும் ஏழாவது வாரத்துக்கும் இடையில். அண்ணம் ஒன்பதாவது வாரத்துக்குள் கூடிவிடும். பல பெண்களுக்குத் தாம் கருவுற்றிருப்பதே தெரியாத நாட்கள் அவை. பல மரபணுக்களும் புகை போன்ற புறக் காரணங்களும் சேர்ந்தே பிளவு உண்டாகிறது என்பதால்தான் தாய், தந்தை, பிள்ளை மூவரின் உமிழ்நீரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தாயின் மேல் பழி போடுவதை நிறுத்த வல்லதும் இத்தகைய ஆய்வுதான்.

ஆனால் புகைப்படத்தைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வதைத் தள்ளிவிட மாட்டேன். மருத்துவ இதழ்களில் கண்ணின் மேல் கறுப்புப் பட்டை ஒட்டிப் படம் போடும் பழக்கம் இருந்தது. பிளவுள்ள குழந்தைக்கோ மூக்கும் உதடுமே அடையாளம். ஆய்வுக்கு வேண்டியதும் அந்தப் பகுதியே. ஆகவே கண்ணை மறைப்பதால் அடையாளம் மறைந்துவிடாது. உமிழ்நீர், புகைப்படம், படத்தை இதழிலோ கருத்தரங்கிலோ வெளியிடுதல் ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே ஒப்புதல் கேட்கிறார்களா என்று பாருங்கள். ஒரே கையெழுத்தில் எல்லாம் அடங்கியிருந்தால் பிரித்துத் தரும்படி கேளுங்கள். உமிழ்நீரை எத்தனை ஆண்டுகள் வைத்திருப்பார்கள், வேறு ஆய்வுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்புவார்களா, மரபணு முடிவு உங்களுக்குச் சொல்லப்படுமா என்பனவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால், படிவத்தில் குறிப்பிட்டிருக்கும் நெறிமுறைக் குழுவை நேரே அணுகலாம். ஏழு வயதுக்குப் பின்னும் ஆய்வு தொடர்ந்தால், உங்கள் மகனிடமும் சம்மதம் கேட்க வேண்டும்.

இவை திருப்தியாக இருந்தால், சேருங்கள் என்பதே என் கருத்து. ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 558 குழந்தைகளின் பெற்றோர், அண்ண அறுவை ஆறாம் மாதத்திலா பன்னிரண்டாம் மாதத்திலா என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்ய இசைந்தார்கள். ஐந்து வயதில், பேசும்போது மூக்கு வழியே காற்று கசியும்படி அண்ணம் சரிவர மூடாத குறை, முன்னதாக அறுவை செய்தவர்களில் 8.9 விழுக்காடும் மற்றவர்களில் 15 விழுக்காடும் இருந்ததை 2023இல் வெளியிட்டார்கள். அவர்கள் உதட்டில் பிளவின்றி அண்ணத்தில் மட்டும் பிளவிருந்த குழந்தைகள். ஆதலால் உங்கள் மகனுக்குத் தாமதமாகிவிட்டதோ என்று இதை வைத்துக் கலங்க வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 23. உதட்டுத் தழும்பைப் பார்த்துப் பார்த்தே ஊர் என்னைச் சலிக்க வைத்துவிட்டது. இப்போது தோற்றத்தைப் பற்றிப் பேட்டி தரும்படி ஆய்வாளர் ஒருவர் அழைக்கிறார். எனக்கு இதில் என்ன இருக்கிறது?
– வாசகர், காரைக்குடி

பதில்: உங்களுக்கு நேரடிப் பயன் ஏதுமில்லாமலும் போகலாம். ஆனால் அறுவை நன்றாக அமைந்ததா என்பதை நெடுங்காலம் மருத்துவரே தீர்மானித்தார். கண்ணாடியில் பார்ப்பவரைக் கேட்கவில்லை. கிளெஃப்ட்-க்யூ என்னும் வினாத்தொகுதி, பிளவோடு பிறந்தவர்களைப் பேசவைத்து, அவர்கள் சொன்னவற்றிலிருந்தே உருவாக்கப்பட்டது. பிறகு இந்தியா உட்பட 12 நாடுகளில் எட்டு முதல் 29 வயது வரையிலான 2,434 பேரிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

போவதென்று முடிவு செய்தால், கேள்விகளை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். விரும்பாத கேள்வியைத் தாண்டிச் செல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. பழைய நினைவுகள் கிளறப்பட்டால் அன்றைக்கே பேச ஓர் உளவியல் ஆலோசகரை ஏற்பாடு செய்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். இல்லையென்றால், ஏற்பாடு செய்தபின் வருவதாகச் சொல்லலாம்.