வாசகர் கேள்வி – பதில்: லினக்ஸில் யுஎஸ்பி வட்டும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ செய்தியும்

கேள்வி: பழைய கணினியில் உபுண்டு இருந்தபோது 2 டிபி வெளிப்புற வன்வட்டு ஒன்றை இஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் ஃபார்மட் செய்து, குடும்பப் புகைப்படங்கள் அனைத்தையும் அதில் சேமித்தேன். இப்போது புதிய லேப்டாப்பில் லினக்ஸ் மின்ட் நிறுவியிருக்கிறேன். வட்டைச் செருகினால் படங்கள் திறக்கின்றன. ஆனால் புதிய கோப்பைச் சேர்க்கவோ பழையதை அழிக்கவோ முயன்றால் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்று வருகிறது. கோப்புறைகளின் மேல் பூட்டுப் படமும் தெரிகிறது. எல்லாவற்றுக்கும் 777 அனுமதி (யாரும் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்ற அனுமதி) கொடுத்துவிடும்படி நண்பர் சொல்கிறார். அப்படிச் செய்யலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: செய்ய வேண்டாம். உங்கள் வட்டில் எந்தப் பழுதும் இல்லை. லினக்ஸ் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது.

இஎக்ஸ்டி4 வட்டில் ஒவ்வொரு கோப்புடனும் அதன் உரிமையாளர் யார் என்பது பதிவாகிறது. ஆனால் அங்கே எழுதப்படுவது உங்கள் பெயர் அன்று, உங்கள் பயனர் கணக்குக்குக் கணினி கொடுத்திருக்கும் எண். உபுண்டு, மின்ட், டெபியன் ஆகியவற்றில் முதலில் உருவாக்கப்படும் கணக்குக்கு 1000, அடுத்ததற்கு 1001 என்று எண்கள் அமைகின்றன. பழைய கணினியில் உங்களுடையது இரண்டாவது கணக்காக இருந்திருந்தால் படங்கள் யாவும் 1001-க்கு உரியவை. புதிய லேப்டாப்பில் நீங்கள் 1000. இரண்டிலும் ஒரே பெயரை வைத்திருந்தாலும் வட்டின் பார்வையில் நீங்கள் வேறொருவர். மற்றவர்களுக்குப் படிக்கும் அனுமதி வழக்கமாக இருப்பதால் படங்கள் திறக்கின்றன. எழுதும் அனுமதி இல்லாததால் மாற்றம் மறுக்கப்படுகிறது.

இதை ஊகமாக விட்டுவிடாமல் உறுதி செய்துகொள்ளுங்கள். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) ‘ஐடி’ என்று தட்டினால் உங்கள் எண் தெரியும். பிறகு வட்டிலுள்ள கோப்புறையை ‘எல்எஸ்’ கட்டளையால் விரிவான பட்டியலாகப் பாருங்கள். உரிமையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் 1001 என்ற வெற்று எண் நின்றால், அந்த எண்ணுக்கு உரியவர் இந்த லேப்டாப்பில் இல்லை என்று பொருள். ஒருவேளை அங்கே ‘ரூட்’ (எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகிக் கணக்கு) என்று இருந்தால் காரணம் வேறு: டெர்மினலிலிருந்து நிர்வாகி அனுமதியுடன் இஎக்ஸ்டி4 ஃபார்மட் செய்யும்போது வட்டின் முதல் கோப்புறை பெரும்பாலும் ரூட்டுக்கே உரியதாக அமைகிறது. இரண்டுக்கும் தீர்வு ஒன்றுதான்.

உரிமையாளரை மாற்றும் ‘சிஹெச்ஓன்’ கட்டளையை, உட்கோப்புறைகளுக்கும் பொருந்தும்படி, நிர்வாகி அனுமதி தரும் ‘சூடோ’வுடன் ஒருமுறை இயக்கினால் போதும். படங்களின் உள்ளடக்கத்தை இது தொடாது. உரிமையாளர் பதிவு மட்டுமே மாறும். இதில் கைத்தவறு நேரக் கூடாத இடம் ஒன்று உண்டு. மீடியா கோப்புறையில் தொடங்கும் வட்டின் முகவரியைத் தட்டும்போது முதல் சாய்கோட்டை அடுத்து ஓர் இடைவெளி விழுந்துவிட்டால், கட்டளை முழுக் கணினியின் மீதும் பாயும். ரூட்டுக்கு உரியதாக இருந்தே தீர வேண்டிய சூடோ உட்படப் பல நிரல்கள் வேலை செய்யாமல் போகும். ஆகவே முகவரியைக் கையால் தட்டாமல், கோப்பு மேலாளரிலிருந்து அந்தக் கோப்புறையை மவுஸால் இழுத்து டெர்மினல் சாளரத்தில் விடுங்கள். பெயரில் இடைவெளி இருந்தாலும் முகவரி சரியாக வந்து விழும்.

777 ஏன் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வட்டு எந்த லினக்ஸ் கணினியில் செருகப்பட்டாலும், அங்குள்ள எந்தக் கணக்கும் எந்த நிரலும் உங்கள் படங்களை அழிக்கலாம் என்றாகிவிடும். முன்பிருந்த அனுமதிகள் எங்கும் குறித்து வைக்கப்படுவதில்லை என்பதால் திரும்பப் பெறவும் முடியாது. வட்டில் எஸ்எஸ்ஹெச் (தொலைவிலுள்ள கணினியில் பாதுகாப்பாக நுழையும் முறை) சாவிகளின் நகல் இருந்து, அதை அனுமதிகளோடு மீட்டெடுத்தால், பிறர் படிக்கக்கூடிய சாவியை எஸ்எஸ்ஹெச் ஏற்க மறுக்கும். இவ்வளவுக்கும் பிறகு சிக்கல் தீர்வதும் இல்லை. நாளை நீங்கள் சேர்க்கும் புதிய கோப்பு வழக்கமான அனுமதியோடுதான் உருவாகும். பழைய கணினியில் அதைத் திருத்தப்போனால் இதே மறுப்பு மீண்டும் வரும்.

வட்டு இரு கணினிகளுக்கும் மாறி மாறிப் போய்வர வேண்டுமானால், இரண்டிலும் உங்கள் கணக்குக்கு ஒரே எண் இருக்கும்படி அமைத்துக்கொள்வதே நிலையான வழி.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வட்டு தொலைந்து வேறொருவர் கையில் சிக்கினால் இந்த அனுமதிகள் எதையும் தடுக்கா. தம் கணினியில் ரூட் அனுமதி உள்ள எவரும் அனைத்தையும் படிக்க முடியும். அந்தரங்கமான ஆவணங்கள் இருந்தால் ‘லக்ஸ்’ குறியாக்கத்துடன் வட்டை அமைப்பதுதான் பாதுகாப்பு.

கேள்வி: என் பென்டிரைவில் ‘சிஹெச்ஓன்’ கட்டளையைச் சூடோவுடன் கொடுத்தாலும் ‘இச்செயலுக்கு அனுமதியில்லை’ என்கிறது. ரூட்டுக்கே அனுமதி இல்லையா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் பென்டிரைவ் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருக்க வேண்டும். அவற்றில் லினக்ஸ் உரிமையாளரைக் குறித்து வைக்க இடமே கிடையாது. வட்டை மவுண்ட் செய்யும் (கணினியோடு இணைத்துப் பயன்பாட்டுக்குத் திறக்கும்) கணத்தில், எல்லாக் கோப்புகளுக்கும் சேர்த்து ஓர் உரிமையாளரை லினக்ஸ் தானாக வைத்துக்கொள்கிறது. நீங்கள் சூடோவுடன் கையால் மவுண்ட் செய்திருந்தால் அந்த உரிமையாளர் ரூட். வட்டை வெளியேற்றிவிட்டுக் கோப்பு மேலாளரில் அதன் படத்தைச் சொடுக்கித் திறந்தால் உங்கள் பெயரிலேயே மவுண்ட் ஆகும். கணினி தொடங்கும்போது மவுண்ட் செய்ய வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பில் எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், யூஐடி (பயனர் எண்), ஜிஐடி (குழு எண்) தெரிவுகளில் உங்கள் எண்களைக் கொடுங்கள். கூடவே ‘நோஃபெயில்’ என்ற தெரிவையும் சேருங்கள். அது இல்லையென்றால், பென்டிரைவ் செருகாத நாளில் கணினி 90 நொடிகள் வரை காத்திருந்துவிட்டு அவசரநிலைத் திரையில் நின்றுவிடக்கூடும்.

கேள்வி: என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) வட்டு ஒன்றை விண்டோஸிலும் லினக்ஸிலும் பயன்படுத்துகிறேன். நேற்றுவரை எழுத முடிந்தது. இன்று ‘படிக்க மட்டும்’ என்கிறது.
– வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: இது பெரும்பாலும் அனுமதிச் சிக்கல் அன்று. விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி, கணினியை முழுமையாக நிறுத்தாமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. வட்டைச் செருகியபடியே விண்டோஸை நிறுத்தினால், அதன் பதிவுகள் முடிக்கப்படாத நிலையில் இருக்கலாம். அந்த நிலையில் எழுதினால் தரவு சிதையும் என்பதால் லினக்ஸ் எழுத மறுக்கிறது, அல்லது மவுண்ட் செய்யவே மறுக்கிறது. வட்டை மீண்டும் விண்டோஸில் செருகி, செக்டிஸ்க் என்ற வட்டுச் சோதனையை நடத்தி, முறைப்படி வெளியேற்றிக் கொண்டுவாருங்கள். லினக்ஸிலுள்ள ‘என்டிஎஃப்எஸ்ஃபிக்ஸ்’ செக்டிஸ்க்குக்கு மாற்று ஆகாது. சில அடிப்படைப் பிழைகளைச் சரிசெய்து, முழுச் சோதனையை விண்டோஸிடமே விட்டுவிடும். விண்டோஸ் கைவசம் இல்லாதபோது மட்டும், முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் நகலெடுத்துக்கொண்ட பிறகு அதை நாடுங்கள்.