தெருவில் கேமரா போட்டும் திருடன் வண்டி நம்பர் தெரியவில்லையே, என்ன தப்பு?

கேள்வி இதுதான்: சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊரில் வரி பிரித்து எட்டு கேமரா போட்டிருக்கிறார்கள். சங்கிலி பறித்தவன் பதிவாகியும் வண்டி நம்பர் தெரியவில்லை. இனி என்ன செய்யலாம்?

எட்டும் 2.8 எம்எம் லென்ஸாக இருக்கும். எம்எம் எண் சிறிதானால் அகலமாகப் பார்க்கும், பெரிதானால் தூரத்தைக் கிட்டக் காட்டும். கடையில் ‘செட்’ என்று கொடுப்பது பெரும்பாலும் அதைத்தான். தெரு முழுக்க விழும், மானிட்டரில் பார்க்க நிறைவாக இருக்கும். ஆனால் ஆளை அடையாளம் சொல்ல, ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 பிக்சலாவது (படப் புள்ளி) வேண்டும். 2 மெகாபிக்சல் கேமராவில் குறுக்காக இருப்பது 1920 பிக்சல். அப்படியென்றால் படத்தில் சுமார் 7.7 மீட்டர் அகலத்துக்கு மேல் விழக் கூடாது. 2.8 லென்ஸ் மூன்றே கால் மீட்டர் தூரத்திலேயே அந்த அகலத்தைத் தொட்டுவிடும். 12 எம்எம் லென்ஸ் சுமார் 15 மீட்டர் வரை தாங்கும்.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒரு படத்துக்குக் கேமரா வெளிச்சம் வாங்கும் நேரம். ராத்திரியில் கேமரா தானாக 1/25 வினாடிக்கு இறங்கிவிடும். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற பைக் அந்த நேரத்துக்குள் 44 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நம்பர் வெறும் வெள்ளைக் கோடாகத்தான் விழும். செட்டிங்கில் 1/500 என்று வைத்தால் நகர்வு சுமார் 2.2 சென்டிமீட்டராகக் குறையும். படம் இருட்டாகும், பரவாயில்லை. இன்ஃப்ராரெட் வெளிச்சத்தில் நம்பர் பலகை மட்டும் பளிச்சென்று நிற்கும். ஆளையும் வண்டி மாடலையும் பிடிக்கப் பக்கத்திலேயே ஒரு சாதாரண கேமரா இருக்கட்டும்.

எட்டையும் எட்டுத் தெருவுக்குப் பங்கு வைத்ததுதான் பெரிய தப்பு என்பேன். ஊருக்குள் வர எத்தனை வழி என்று எண்ணுங்கள். மெயின் ரோட்டு முக்கு, வாய்க்கால் பாலம், வயல் பாதை என்று மூன்றோ நாலோதான் இருக்கும். வழிக்கு இரண்டு கேமரா போதும். முக்கிலும் வேகத்தடையிலும் வண்டி மெதுவாகும், அங்கே வையுங்கள். பைக்கின் பின்பக்க நம்பர்தான் பெரியது, அதனால் ஊரை விட்டுப் போகிற வண்டியின் முதுகைப் பார்க்கட்டும். முகம் பிடிக்கிற கேமரா மூன்று மீட்டர் உயரத்துக்கு மேல் போனால் தலைமுடிதான் தெரியும். படித்துறைக்கு இறங்கும் பாதையில் வைக்கலாம். குளிக்கிற படியை நோக்கி ஒரு கேமராவும் திரும்பக் கூடாது.

பதிவு எத்தனை நாள் நிற்கிறது என்று பார்த்தீர்களா? வீடியோவைச் சுருக்கும் எச்.265 முறையில், கேமராவுக்கு 2 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டுக்கும் சேர்த்து 173 ஜிபி. செட்டோடு வரும் 1 டிபி டிஸ்க் ஆறு நாள்கூடத் தாங்காது, பழையதன்மேல் புதியது ஏறிவிடும். சங்கிலி பறிப்பு அன்றைக்கே தெரிந்துவிடும். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய், அப்படியே சொந்தக்காரர் வீட்டில் ஒரு வாரம் தங்கித் திரும்புகிறவருக்குப் பூட்டு உடைந்தது எப்போது தெரியும்? 30 நாள் நிற்க 6 டிபி வேண்டும், அதுவும் கண்காணிப்புக்கென்றே வரும் டிஸ்க்.

பதிவுப் பெட்டியின் கடிகாரம் பத்து நிமிடம் தவறினால் செல்போன் டவர் பதிவோடு ஒப்பிடும் போலீஸுக்குத் தலைவலி. மாதம் ஒருமுறை செல்போன் நேரத்தோடு சரிபாருங்கள். கரண்ட் போய் வந்ததும் தேதி 2000க்கோ 1970க்கோ போனால் உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. எட்டு கேமராவும் பெட்டியும் சேர்ந்து சுமார் 80 வாட்தான்; 150 ஏஎச் இன்வெர்ட்டர் பேட்டரி பத்து மணி நேரம் ஓட்டும். (கோயில் கொடை நேரத்தில் மைக் செட்டுக்காரர் அந்தப் பிளக்கைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வது தனி வேலை.) ஐப்பசி இடியில் நீளமான செம்புக் கம்பி வழியாகப் பெட்டி கருகும், தூரத்துக் கேமராவுக்கு மின்சாரம் கடத்தாத ஃபைபர் (கண்ணாடி இழை) இழுங்கள்.

பெட்டி யார் வீட்டிலும் வேண்டாம். ஒரு தெருக்காரர் வீட்டில் இருந்தால் அடுத்த தெரு நம்பாது. நம்ம பக்கத்து ஊர்களில் இது சின்ன விஷயம் இல்லை. ஊராட்சி அலுவலகம், பால் சொசைட்டி மாதிரிப் பொது இடத்தில் பூட்டி வைத்து, பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு பேர் பொறுப்பில் விடுங்கள்.

போலீஸ் கேட்டால் மானிட்டரைச் செல்போனில் படமெடுத்து அனுப்பாதீர்கள். பெட்டியிலிருந்தே நகல் எடுக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய சட்டம் 63(4) பிரிவின்படி சான்றிதழ் தேவை. அதில் பகுதி ‘அ’ பெட்டிக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போடுவது, ‘ஆ’ நிபுணருடையது. கோப்பின் ஹாஷ் எண்ணும் (கோப்பை மாற்றினால் மாறிவிடும் அடையாள எண்) அதில் வரும். எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் அட்மின் மட்டும் எழுதும்படி வையுங்கள். கேமராவில் விழுந்த புது முகத்தை அதில் போடவே கூடாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்த குடும்பத்தைப் பிள்ளை பிடிப்பவர்கள் என்று நினைத்து அடித்ததில் ஒரு மூதாட்டி இறந்தார். சாஸ்தா கோயில் உள்ள ஊருக்கு வெளியூர் வண்டி வரத்தான் செய்யும். சந்தேகம் என்றால் வண்டி நம்பர், நேரம், போன திசை மூன்றையும் ஸ்டேஷனுக்குச் சொல்லுங்கள். கண்ணெதிரே ஆபத்து என்றால் 112.